அம்மாவுக்கு இரண்டு இடம்

அம்மா விஷயத்தைச் சொன்னபோது அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு," என்றார் அம்மா.

அப்பா தலையைத் தூக்கவில்லை. "யாருக்கு?"

"எனக்கு."

"அதான் கேக்கறேன், யாருக்கு?"

அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வயதில் யாருமே இல்லை. அக்கா படித்து முடித்துக் கல்யாணமாகி ரவாங்கில் இருந்தாள், மாசமாக இருந்தாள். நான் படித்து முடித்துப் பூச்சோங்கில் ஒரு ஏர்கண்டிஷன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மிச்சம் இருந்தது ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை செய்கிற அப்பாவும், நாற்பத்தாறு வயது அம்மாவும், ஒரு பூனையும்தான். பூனைக்கு இடம் கிடைத்திருந்தால்கூட அப்பா இவ்வளவு குழம்பியிருக்க மாட்டார்.

அம்மா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கிள்ளானிலிருந்து தினமும் கொமூட்டர் ரயிலில் போய் வருவார். சில வருடங்களாகச் சனி ஞாயிறு வகுப்புகளுக்குப் போய் ஒரு டிப்ளோமாவும் முடித்திருந்தார். நாங்கள் அதை ஏதோ கேக் அலங்கார வகுப்பு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த டிப்ளோமாவையும் வேலை அனுபவத்தையும் வைத்து டிகிரிக்கு மனு போடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. போட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"கிடைக்காம போனா நீங்க எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்வீங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது."

அப்பா இப்போதுதான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. "எந்த யூனிவர்சிட்டி?"

"அதுலதான் ஒரு குழப்பம். ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு."

ஒன்று கோலாலம்பூரில். நாட்டிலேயே பெரிய பெயர். அதில் படித்தவர்கள் பேச்சின் மூன்றாவது வாக்கியத்துக்குள் அதைச் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று கடல் தாண்டி, சரவாக்கில், கூச்சிங் நகரத்துக்கு வெளியே ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அதன் பெயரைச் சொன்னால் "எது?" என்று கேட்பார்கள், திருப்பிச் சொன்னாலும் கேட்பார்கள். ஆனால் அங்கே முழு உபகாரச் சம்பளம். கட்டணம், விடுதி, வருடாவருடம் வீட்டுக்கு வந்து போக விமான டிக்கெட், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"இதுல என்ன குழப்பம்?" என்றார் அப்பா. "பணத்தைப் பத்தி நீ யோசிக்காத. இ.பி.எப்.ல எடுக்கலாம். பெரிய யூனிவர்சிட்டிதான். முடிஞ்சிச்சு."

அவரைப் பொறுத்தவரை அது அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஊருக்கும் முடிந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் அவர் முடி வெட்டுகிற கடையில் சொன்னார். பூக்கடை அக்காவிடம் சொன்னார். அந்த அக்கா, பாவம், அவரிடம் ஒரு முழம் பூ விற்றதைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யாதவர். ரயில்வேயில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தே தாரேக் டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார். அந்த வார இறுதிக்குள் எங்கள் பழைய காரின் பின்கண்ணாடியில் பெரிய பல்கலைக்கழகத்தின் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. ஆன்லைனில் வாங்கினாராம். அக்கா படித்தபோதும் நான் படித்தபோதும் எங்கள் கல்லூரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதவர் அவர். கேட்டதற்கு, "உங்க காலேஜுக்கெல்லாம் ஸ்டிக்கர் இருக்கான்னே எனக்குத் தெரியலய்யா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் ஆராதனை முடிகிற நேரத்தில் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். கடவுள் நம் சகோதரிக்கு ஒரு பெரிய கதவைத் திறந்திருக்கிறார் என்று ஜெபம் செய்தார். பல்கலைக்கழகத்தின் பெயரை அவர் இரண்டு முறை சொன்னார். கடவுளுக்கு எந்தச் சந்தேகமும் வந்துவிடக் கூடாதல்லவா. ஆமென் சொல்லி முடித்ததும் அம்மா வெளியில் போதகரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"ரெண்டு கதவு திறந்திருக்காரு ஐயா. எதுல நுழையணும்னு இன்னும் சொல்லல."

போதகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார்.

அக்காவும் பெரிய பல்கலைக்கழகத்தின் பக்கம்தான். அவள் ரவாங்கிலிருந்து போன் பண்ணி ஒரு மணி நேரம் அதன் பெருமையைப் பேசினாள். தரவரிசை, நூலகம், வேலைவாய்ப்பு என்று அவள் பேசப் பேச எனக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. கடைசியில்தான் உண்மை வந்தது. குழந்தை பிறந்தவுடன் அம்மா பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். அதை அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கோலாலம்பூரில் படித்தால் வகுப்பில்லாத நாட்களிலாவது ரவாங்குக்கு வரலாம். கூச்சிங்கிலிருந்து எப்படி வருவது?

நான் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கல்வியின் மேன்மையைப் பற்றித்தான் பேசியிருப்பேன். எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தில் எத்தனை பொத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதால் அப்பா ஒரு சனிக்கிழமை எங்களைப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அக்காவையும் ரவாங்கிலிருந்து ரயிலேறி வரச்சொல்லி வழியில் ஏற்றிக்கொண்டோம். உள்ளே போனதும் அம்மா மாறிப்போனதை நான் பார்த்தேன். மரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்ற சாலையில் அவர் எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். ஏரிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே குனிந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார், நகைக்கடையைப் பார்ப்பதுபோல. ஒரு மாணவி வந்து மலாயில் அன்பாகக் கேட்டாள், "பிள்ளையச் சேர்க்க வந்தீங்களா ஆன்டி?"

"இல்லம்மா. நான்தான் பிள்ளை," என்றார் அம்மா.

அந்தப் பெண்ணுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்பா அதைப் படம் எடுத்தார். வாசலில் எடுத்தார், ஏரியில் எடுத்தார், ஒரு அறிவிப்புப் பலகைக்கு முன்னால் எடுத்தார். அந்தப் பலகையில் குப்பை போடாதீர்கள் என்றுதான் இருந்தது, ஆனால் பல்கலைக்கழகச் சின்னமும் இருந்தது.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மா சந்தோஷமாக இருந்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அங்கேதான் அவர் தவறிப்போனார்.

"நான் எல்லாம் யோசிச்சிட்டேன்," என்று ஆரம்பித்தார். ரயில்வேக்காரர், கால அட்டவணை அவர் ரத்தத்தில் இருந்தது. "காலையில நீ எப்பவும்போல எழுந்து சமைச்சிடற. முதல் ட்ரெயின் வேணாம், ரெண்டாவது எடு. சென்ட்ரல்ல இறங்கி மாறினா வகுப்புக்குச் சரியா இருக்கும். சாயந்திரம் திரும்பி வந்தா ராத்திரிச் சமையலுக்கு நேரம் இருக்கு. சிம்பிளா செஞ்சா போதும்லா, நாங்க என்ன கேக்கப் போறோம்."

"வெள்ளிக்கிழமை கிளாஸ் இருக்காதாம்மா, நான் பார்த்துட்டேன்," என்றாள் அக்கா. "வியாழன் சாயந்திரமே ரவாங்குக்கு வந்துட்டீங்கன்னா ஞாயிறு காலையில சபைக்குப் போய்க்கலாம்."

"ஞாயிறு சாயந்திரம் துணி துவைக்கலாம்," என்றேன் நான். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னேன்.

அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தார். பிறகு கேட்டார்.

"இதுல நான் எப்பங்க படிப்பேன்?"

அடுத்த மேசைக்கு அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன்கூட ஒரு நொடி நின்றதாக எனக்கு ஞாபகம்.

"ட்ரெயின்ல படிக்கலாம்லா," என்றார் அப்பா. "கிள்ளான்ல ஏறினா உட்கார இடம் கிடைக்கும்."

அம்மா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

அடுத்த சில நாட்கள் அம்மா எப்போதும்போல வேலைக்குப் போய் வந்தார். ஒரு மாலை அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கூச்சிங் போறேங்க."

அப்பா உடனே மறுக்கவில்லை. மெதுவாகச் சுற்றி வந்தார். அங்கே நம் சபை இருக்குமா என்றார். இருக்கிறது என்றார் அம்மா. அங்கே தமிழ் ஆட்கள் குறைவாயிற்றே, யாரிடம் பேசுவாய் என்றார். "கொஞ்ச நாள் பேசாம இருந்து பார்க்கறேன்," என்றார் அம்மா. நம் நாட்டுக்குள்ளேயே அடையாள அட்டையைக் காட்டினால்தான் அங்கே உள்ளே விடுவார்கள் என்றார். "என்கிட்ட ஐ.சி. இருக்கு." கடைசியில் அப்பா தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "அந்தப் பேரு கிடைக்குமா? நாளைக்கு நாலு பேருகிட்ட சொன்னா மதிப்பாங்களா?"

அப்போதுதான் அம்மா நாங்கள் யாரும் கேட்காத விஷயத்தைச் சொன்னார். அவர் பாலர் பள்ளியில் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாயில் பேசுவார்கள். சாப்பிட்டு முடித்தால், "டீச்சர், நான் மாக்கான் ஃபினிஷ் பண்ணிட்டேன்," என்பார்கள். மற்ற ஆசிரியைகள் திருத்துவார்கள். அம்மா திருத்த மாட்டார். முதலில் முழுக்கப் பேச விடுவார். தன் பேச்சைத் திருத்தாமல் கேட்கிற ஒருவரிடம்தான் பிள்ளை அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் என்பது அவர் இத்தனை வருடத்தில் கண்டது. ஒரு ஆன்லைன் பட்டறையில் அவர் இதைச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கூச்சிங்கிலிருந்து ஒரு பெண் விரிவுரையாளர் அம்மாவைத் தொடர்புகொண்டிருக்கிறார். அங்கே உள்கிராமத்து இபான் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டு மொழியோடு பள்ளிக்கு வந்து மலாய் தெரியாமல் ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்களாம். அந்த உபகாரச் சம்பளமே இதைப் பற்றிப் படிக்கிறவர்களுக்குத்தான். நேர்முகத் தேர்வில் அம்மாவை அவர்கள் நெடுநேரம் பேச வைத்தார்களாம்.

"பெரிய யூனிவர்சிட்டியில என் சர்ட்டிபிகேட்டப் பார்த்து இடம் குடுத்தாங்க. சந்தோஷம்தான். இவங்க நான் சொல்றத எழுதிக்கிட்டாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்கங்க," என்றார் அம்மா. "யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்ல."

அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர், "சரி, போயிட்டு வா," என்றார், கடைக்குப் போகிறவரிடம் சொல்வதுபோல.

அக்காவுக்குத்தான் ஆறவில்லை. போனில் அழுதாள். "எனக்குப் பிள்ளை பிறக்கிற நேரத்துலதான் உங்களுக்குப் படிப்பு வருதாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது, அதனால் அம்மாவும் அழுதார். ஆனால் முடிவை மாற்றவில்லை. "நீ பரீட்சை எழுதும்போது நான் உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். உனக்கு வலி வரும்போது இருக்க முடியுமான்னு தெரியலம்மா. முடிஞ்சா பறந்து வருவேன்," என்றார். அக்கா போனை வைத்துவிட்டாள். இரண்டு வாரம் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசி அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு வேறு வேலை இருந்தது. பரப்பிய செய்தியைத் திரும்பச் சுருட்ட வேண்டும். முடி வெட்டுகிற கடையில் அவர் கையாண்ட முறையை நான் நேரில் பார்த்தேன். "பெரிய யூனிவர்சிட்டிதான் கூப்பிட்டான் அண்ணே, நாங்கதான் வேணாம்னு சொல்லிட்டோம்," என்றார். முடி வெட்டுகிறவரின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. சேர்ந்திருந்தால்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது என்று அப்பாவுக்கு அங்கேதான் புரிந்தது. அதன் பிறகு எல்லோரிடமும் அப்படியே சொன்னார். ஸ்டிக்கரைத்தான் உரிக்க முடியவில்லை. வெந்நீர், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தார். பாதிச் சின்னம் வந்தது, பாதி வரவில்லை.

அப்பா விமானத்தை நம்பாதவர் என்பதால், அம்மா கிளம்பிய நாளில் கவுண்டர் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே எங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாவிடம் ஒரே ஒரு பெட்டி. அப்பாவுக்கு அது அவமானமாக இருந்தது. "நாலு வருஷப் படிப்புக்கு ஒரு பெட்டியா?" என்று மூன்று முறை கேட்டார். அக்கா வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரவாங்கிலிருந்து வந்திருந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடிக்க முயன்றாள், வயிறு விடவில்லை. பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு வீட்டில் நடந்தவை அப்பாவின் கௌரவம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வெள்ளைச் சட்டைகள் முதல் வாரமே இளஞ்சிவப்பாயின. அப்பா சாம்பார் செய்யக் கற்றுக்கொண்டார். அதை வாரத்தில் பல நாள் செய்தார். பூனை மட்டும் எப்போதும்போல இருந்தது.

அக்காவுக்கு வலி வந்தபோது அம்மாவுக்குப் பரீட்சை வாரம். எழுதி முடித்து அடுத்த விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து இரண்டாம் நாள். அக்காவின் மாமியார் பத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். பூண்டு, மிளகு, கருவாடு என்று அவர் வைத்த சட்டத்தில் அக்கா ஒடுங்கிப்போயிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "லேட்டா வந்தீங்க," என்றாள். "ஆமா, லேட்டாத்தான் வந்தேன்," என்றார் அம்மா. சாக்கு எதுவும் சொல்லவில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அம்மா கூச்சிங் திரும்பியதும் தினமும் மாலையில் அக்கா குழந்தையோடு போனில் முகம் காட்டுவாள். குழந்தைக்குப் பாட்டி என்றால் ஒரு தலை, ஒரு மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் தோள். முதல் நீண்ட விடுமுறைக்கு அம்மா வந்து ரவாங் வீட்டுக் கதவைத் திறந்தபோது பேத்தி தவழ்ந்து வந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அம்மாவின் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாட்டிக்குக் கால் இருப்பது அவளுக்குப் பெரிய செய்தி.

அம்மா இப்போது கடைசி வருடம். விடுதியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார். அந்தப் பெண் அலாரத்தை வைத்துவிட்டுத் தூங்குவதாகவும், தான்தான் எழுந்துகொள்வதாகவும் குறைப்பட்டுக்கொள்கிறார். அப்பா ஒரு முறை போனார். அம்மா வகுப்பில் இருக்கும்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார், பாலர் பள்ளி வாசலில் பெற்றோர் நிற்பதுபோல. மாணவர்கள் வந்து "அங்கிள் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுப் பேசியதில் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு அம்மாவைவிட அதிகமான நண்பர்கள் அங்கே இருந்தார்கள். வந்ததிலிருந்து கூச்சிங்கைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் திருத்துகிறார். யாரும் கூச்சிங்கைப் பற்றிப் பேசாத நாளில் அவரே ஆரம்பித்து வைக்கிறார்.

நான் போன வருடம் போனேன். அம்மா என்னை அவர் பயிற்சிக்குப் போகிற கிராமத்துப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போனார். மண் சாலை, ஓயாத மழை, பலகைச் சுவர் வைத்த ஒரே அறை. உள்ளே ஒரு சின்னப் பெண் அம்மாவின் மடிக்கருகே நின்று இபானும் மலாயும் கலந்து என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கோழி வந்தது, யாரோ விழுந்தார்கள், மிச்சம் எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் பாதிக்கு மேல் புரிந்திருக்காது. ஆனால் அவர் அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் என்னிடமும் அப்படிக் கேட்டிருப்பாரா என்று யோசித்தேன். கேட்டிருப்பார், நான்தான் கவனித்திருக்க மாட்டேன்.

நான் படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"தம்பி, நீ கொஞ்சம் வெளியில நில்லுய்யா," என்றார் அம்மா. "பிள்ளை கூச்சப்படுது."

நான் வெளியே வந்து கூரைக்கு அடியில், பிள்ளைகளின் சின்னச் சின்ன ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மழைச்சாரல் காலில் அடித்தது. உள்ளே அந்தப் பெண் மறுபடியும் கோழியிலிருந்து ஆரம்பித்தாள்.